கயிறு பிடிக்க ஒரு ஆள்

வாங்க தம்பி, இப்படி வேப்பமரத்து நெழலுக்கு வந்து உக்காருங்க, பஸ்ஸு வர இன்னும் நேரங்கெடக்குது. பொலிகாளைத் திட்டத்துல சேரலாமா வேண்டாமான்னு கேக்கத்தானே இத்தனை தூரம் வந்திருக்கறீங்க, சேருங்க, யோசிக்கவே வேண்டாம். காளை வெலையில பாதியை அரசாங்கம் போட்டுரும், மீதிப் பாதியை ஊர்க்காரங்க சேந்து போடோணும், காளை ஊர்ல நிக்கும், ஊர் மாடெல்லாம் சினையாகும், அவ்வளவுதான் திட்டம், இதுல ஏமாத்து வேலை ஒண்ணுமில்ல. எங்க ஊருக்கு வந்த காளைக்கு வந்த அன்னைக்கிருந்து தீனி போட்டுத் தண்ணி காட்டறவன் நான், அதனால நான் சொல்றதை நீங்க நம்பலாம். காளை தங்கம். கயிறு பிடிக்க ஆள் மட்டும் மொதல்லயே பாத்து வெச்சுக்கோங்க.

அது என்ன கயிறுன்னு முழிக்கறீங்க, சொல்றேன். எங்க ஊர்ல சினை ஊசி போட்டுப் போட்டும் ஒரு மாடும் சினை நிக்காம, கட்டுத்தரையெல்லாம் மலட்டு மாடாக் கெடந்த காலத்துல, ஆடிக்காத்து மண்ணை வாரி மூஞ்சியில எறைச்சிட்டிருந்த ஒரு நாள், மாட்டாஸ்பத்திரி டாக்டரு லாரியில அந்தக் காளையைக் கொண்டாந்து எறக்குனாரு. கருகருன்னு காரிக் காளை, திமில் மட்டும் ஒரு ஆள் ஒசரம், கொம்பு ரெண்டும் மேல போயி நுனியில ஒண்ணையொண்ணு பாத்துட்டு நிக்குது, மாலை போட்டோம், போட்டோ புடிச்சோம். பாதி நம்முது பாதி சர்க்காருதுங்கறதால அதுக்குப் பங்காளின்னு பேரும் வெச்சோம். எனக்குக் கிளுவை வேலி போட்ட மேய்ச்சக் கொறங்காடும் வத்தாத கெணறும் இருந்ததால என்ர பட்டியிலயே கட்டுனாங்க. பருவத்துக்கு வந்த மாட்டை ஓட்டிட்டு வருவாங்க, வந்தவங்க மாட்டுக் கயிறைப் புடிச்சுக்குவாங்க, நான் காளைக் கயிறைப் புடிச்சுக்குவேன், காரியம் முடிஞ்சா போயிருவாங்க, காலங்காலமா எல்லா ஊர்லயும் நடக்கறதுதான்.

மொதல்ல கன்னு போட்டது நாச்சிமுத்து மாடு. நாச்சிமுத்து பெரிய வாயாடி, அவன் தோட்டத்துல இருந்து கத்துனான்னா ஊருக்குள்ள அடுப்புல இருக்கறவளுக்குக் கேக்கும். அன்னைக்கும் மாட்டுக்குப் பின்னால குத்த வெச்சு உக்காந்துட்டு, கெடேரியா காளையான்னு கூப்பாடு போட்டுட்டிருந்தவன், கன்னு தரையில விழுந்த அந்த நிமிசத்துல கப்புன்னு நின்னுட்டான், வாய் அசையுது, சத்தத்தைக் காணோம். கன்னு தலையைத் தூக்கி ம்மான்னு கத்துச்சு பாருங்க, அது நாச்சிமுத்து கொரலு, பொயலை போட்டுப் போட்டுக் கம்மிப்போன அதே கொரலு. அவன் சம்சாரம் மொதல்ல சிரிச்சா, அப்புறம் அழுதா, பொழுதோட பாத்தா வீடு இத்தனை நிம்மதியா இருக்குதேன்னு ஒப்புக்கு மூக்கைச் சிந்திட்டு முறுக்குச் சுட்டுட்டிருக்கறா.

அடுத்தடுத்து கன்னு விழ விழ எங்களுக்கு வெவரம் புரிஞ்சு போச்சு. காளை ஏறுறப்ப மாட்டுக் கயிறை யாரு புடிச்சிருந்தாங்களோ, கன்னு விழுகறப்ப அவங்க கொரல் போயிரும், போன கொரல் கன்னுக்கு வந்துரும். காளைக் கயிறைப் புடிச்ச எனக்கு ஒண்ணுமில்ல, பேசிட்டுத்தானே இருக்கறேன். மாட்டைக் கருவேல மரத்துல கட்டிப் பாத்தோம், கல்லுத்தூணுல கட்டிப் பாத்தோம், பங்காளி மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கும், ஆள் புடிச்சாத்தான் அது ஏறும். செல்போன்ல பேச்சைப் பதிஞ்சு வெச்சுக்கலாம்னு படிச்ச பசங்க யோசனை சொல்லி அதையும் செஞ்சாங்க, கன்னு விழுந்தப்புறம் போட்டுப் பாத்தா அதுலயும் வெறுங்காத்துதான் கேட்டுச்சு. டாக்டரைக் கூப்புட்டுக் கேட்டோம். அவரு ஒரு கன்னைக் கத்த வுட்டுக் கேட்டுட்டு, காதைச் சொறிஞ்சுட்டு, "விவசாயி பங்களிப்புன்னு ஒண்ணு இருக்குதுல்லங்க, எல்லாத்தையும் அரசாங்கமே குடுக்குமா" அப்படின்னு சொல்லிட்டு ஜீப்புல ஏறிப் போயிட்டாரு. நல்ல மனுசன், நேர்மையானவரு.

காளையைத் திருப்பி அனுப்பிரலாம்னு ஒருத்தனும் சொல்லலை, நீங்க இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டீங்க. கன்னுக அப்படி, காலு கட்டை, நெஞ்சு அகலம், நடந்தா தரை கேக்கும், சந்தைக்குப் போறதுக்கு முன்னாலயே யாவாரி வீட்டு வாசல்ல வந்து நிப்பான். அதனால யாரு கயிறு புடிக்கறதுங்கறது மட்டுந்தான் பேச்சு. மொத வருசம் ஆம்பளைக புடிச்சாங்க, அப்புறம் ஆம்பளை பேசாம பண்ணையம் எப்படி நடக்கும்னு பொம்பளைக கையில குடுத்தாங்க, மாமியா மருமக கையில திணிச்சா, மருமக குளிக்கப் போறேன்னு மாமியா கையில திணிச்சா, ஒரு வீட்ல தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்குவேன்னு நின்ன புள்ளையைக் கொண்டாந்து கயிறு குடுத்தாங்க, கன்னு விழுந்த அடுத்த முகூர்த்தத்துல கல்யாணம் சத்தமில்லாம நடந்துச்சு. அப்புறந்தான் புத்தி வந்து பண்ணையத்து ஆளுகளைப் புடிக்க வெச்சோம். மேல் பாதி அரசாங்கத்துது, கீழ்ப் பாதி கூலிக்காரனுது, நடுவுல நாம, அப்பத்தான் தம்பி திட்டம் முழுசா நமக்குப் புரிஞ்சுது.

ஆனா நாங்க ஈவு எரக்கம் இல்லாதவங்க இல்ல. மாடு சினையா இருக்கற மாசமெல்லாம் கயிறு புடிச்சவங்க எவ்வளவு பேசுனாலும் யாரும் நிறுத்தக்கூடாதுன்னு ஊர்ல ஒரு வழக்கம் உண்டாச்சு. சில பேரு பாடுவாங்க, சில பேரு செத்துப்போன அப்பனை இழுத்து வெச்சுத் திட்டுவாங்க, நாங்க கையைக் கட்டிட்டுக் கேப்போம்.

இப்ப ரங்காளுக்கு வர்றேன், நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது அதுதான். ரங்காளு சென்னியப்ப பண்ணாடி தோட்டத்துல மாடு கன்னு பாக்கறவ, புருசங்காரன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போனவன் போனவந்தான். அவளுக்கு ஒரே புள்ளை, செவந்தின்னு பேரு, பொறந்ததுல இருந்து ரெண்டு கண்ணுலயும் வெள்ளை உழுந்து பார்வை கெடையாது. அந்தப் புள்ளைக்கு அம்மான்னா கொரலுதான். ரங்காளும் அதுக்குத் தகுந்த மாதிரி வாயை மூடவே மாட்டா, சாணி அள்ளும்போதும் பேச்சு, தீவனம் வெட்டும்போதும் பேச்சு, "செவந்தி, அம்மா தொட்டிக்கிட்ட இருக்கறேன், செவந்தி, அம்மா வெளிய வர்றேன்" அப்படின்னு அவ போற வழியெல்லாம் கொரலை வுட்டுட்டே போவா, புள்ளை அதைப் புடிச்சுட்டே பின்னால வரும்.

பண்ணாடிகிட்ட ஒரு மயிலைப் பசு, சாம்பல் பூத்த வெள்ளை நெறம், ஊர்லயே அதுக்குச் சோடி கெடையாது. அது ரங்காளு கைக்குத்தான் நிக்கும், வேற ஆள் கயிறைத் தொட்டா ஒதைக்கும். பருவத்துக்கு வந்தன்னைக்கு மாட்டை ஓட்டிட்டு வரச் சொன்னா, அவ பண்ணாடி கால்ல உழுந்துட்டா.

"ஏனுங் பண்ணாடி, வேற என்ன வேலைன்னாலும் சொல்லுங்க, செய்யறனுங்க. இது மட்டும் வேண்டாமுங்க. எம்புள்ளைக்கு என்னைய எப்படித் தெரியுமுங்க?"

சென்னியப்பன் மோசமான ஆள் இல்ல. அவரு சொன்னாரு, "ரங்காளு, கோயமுத்தூர்ல பெரிய கண்ணாஸ்பத்திரி டாக்டரு எனக்கு வேண்டியவரு. செவந்திக்கு ஆப்ரேசன் பண்ண வெக்கறேன், முழுச் செலவும் என்னுது. புள்ளைக்குக் கண்ணு வந்துட்டா உம்மூஞ்சியைப் பாத்துக்குது, கொரலு எதுக்கு உனக்கு?"

அவ எந்திரிச்சா. கண்ணைத் தொடைச்சா. "கன்னு விழுகறதுக்கு முன்னால பண்ணிருங்க பண்ணாடி. நான் பேசறப்பவே எம்மூஞ்சியை அவ பாத்துரோணும். இந்த மூஞ்சிதான் இந்தக் கொரலுன்னு அவளுக்கு ஒருவாட்டி தெரிஞ்சு போச்சுன்னா போதுமுங்க, அப்புறம் கொரலை எடுத்துக்கட்டும்."

சரின்னாரு. என்ர முன்னாலதான் சொன்னாரு. அவ கயிறைப் புடிச்சா, பங்காளி ஏறுச்சு, மாடு மொத தடவையே சினை நின்னு போச்சு.

அதுக்கப்புறம் அவ பொழப்பு மாட்டு வயித்தைப் பாக்கறதும் பண்ணாடி மூஞ்சியைப் பாக்கறதுமாப் போச்சு. எப்பங்க போலாம்னு கேப்பா. பருத்தி எடுத்து முடியட்டும்பாரு. பருத்தி முடிஞ்சா, மாரியாத்தா நோம்பி முடியட்டும்பாரு. நோம்பி முடிஞ்சா, மகளுக்குச் சீர் செய்யோணும்பாரு. அவரு கணக்கு அவருக்கு, எங்கிட்டச் சொன்னாரு, "இன்னைக்கு ஆப்ரேசன் பண்ணி வெச்சு, நாளைக்கு மாடு கொறைமாசத்துல கன்னை வீசிருச்சுன்னா நான் என்ன பண்றது? கன்னு கைக்கு வரட்டும்." யோசிச்சுப் பாத்தா அதுவும் நாயம்தானே. பண்ணையம் பண்றவன் அப்படித்தான் பாக்க முடியும்.

மாட்டு மடி எறங்க எறங்க ரங்காளு ஒரு வேலை செஞ்சா. புள்ளையோட காது மடலை ரெண்டு விரல்ல புடிச்சு மெதுவா இழுத்து, "இது அம்மா. யாரும் பேசாம வந்து இப்படிக் காதைப் புடிச்சா அது அம்மா. தெரியுதா சாமி?" அப்படின்னு சொல்லிக் குடுத்தா. புள்ளையும் தலையாட்டும். தோட்டத்துல, வாய்க்கால்ல, இந்த பஸ் ஸ்டாப்புல, எங்க பாத்தாலும் அவ பேச்சை நிறுத்திட்டு ஓசையில்லாம வந்து காதைப் புடிப்பா, புள்ளை அம்மான்னு சிரிக்கும். இதை நாங்க பாத்தோம், ஊர்ப் பசங்களும் பாத்தாங்க. பசங்க சும்மா இருப்பாங்களா, பூனை மாதிரி வந்து அந்தப் புள்ளை காதைப் புடிச்சு இழுத்துட்டு, அது அம்மான்னு கையை நீட்டுனா முள்ளுச்செடியைக் கையில குடுத்துட்டு ஓடுவாங்க. என்ர பேரனும் அதுல ஒருத்தன், வெளையாட்டுக்குத்தான். ரங்காளு தூரத்துல இருந்து, "செவந்தி, அது அம்மா இல்ல, அம்மா இங்க இருக்கறேன்" அப்படின்னு கத்துவா. கத்தறதுக்குக் கொரல் இருந்த வரைக்கும் அது செல்லுபடி ஆச்சு.

கடைசியில அவளுக்குப் பொறுமை போயிருச்சு. ஒரு நாள் காலையில புள்ளையைத் தோள்ல போட்டுட்டு, தானே கோயமுத்தூருக்குப் போறேன்னு பஸ் ஏறி உக்காந்துட்டா. அதே நேரத்துல மயிலைக்குப் பனிக்குடம் ஒடைஞ்சு போச்சு, மாடு ஒருத்தரையும் கிட்ட அண்ட வுடலை, கன்னு கால் திரும்பியிருக்குதுன்னு பண்ணாடி வூட்ல ஒரே கூப்பாடு. நான்தான் வண்டியில போயி பஸ்ஸை மறிச்சேன். "எறங்கு ரங்காளு. நீ வரலைன்னா மாடும் சாகும், கன்னும் சாகும்."

"கன்னு செத்தா எங்கொரலு போகாதுல்லங்க?" அப்படின்னு கேட்டா. கண்டக்டரு, பஸ்ல இருந்த சனம், எல்லாரும் அவளையே பாத்தாங்க. வளத்த மாடு சாகறதை நெனைச்சுப் பாரு புள்ளைன்னு ஒரு பொம்பளை சொன்னா. அவ புள்ளையைத் தூக்கிட்டு எறங்குனா. அவ கையால புல்லுத் தின்ன மாடு தம்பி, அவளுக்கு அது பாசம், அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

வழி நெடுக வண்டியில அவ புள்ளைகிட்டப் பேசிட்டே வந்தா, மூச்சு வுடாம பேசுனா. கட்டுத்தரைக்கு வந்ததும் மாட்டுக்கிட்டப் புள்ளையை உக்கார வெச்சா, கையை உள்ள வுட்டுக் கன்னுக் காலை நேராக்குனா, இழுத்தா, இழுத்துட்டே பேசுனா. "பயப்படாத சாமி, அம்மா இங்கதான் இருக்கறேன், இனிமே அம்மா பேச மாட்டேன், ஆனா இங்கதான் இருப்பேன், காதைப் புடிச்சா—"

கன்னு அவ மடியிலயே உழுந்துச்சு. காளைக் கன்னு, செவலை நெறம், நெத்தியில ஒரு வெள்ளைப் பொட்டு. அது ம்மான்னுச்சு. ரங்காளு கொரலு அப்படியே, ஒரு இம்மி மாத்தமில்ல. செவந்தி அந்தப் பக்கம் திரும்பி, தவழ்ந்து போயி, ஈரத்தோட கன்னுக் கழுத்தைக் கட்டிப் புடிச்சுட்டுச் சொல்லுச்சு, "எதுக்கும்மா நனைஞ்சிருக்கற?" ரங்காளு புள்ளை காதைப் புடிச்சா. புள்ளை அந்தக் கையைப் படார்னு தட்டி வுட்டுட்டு, "அம்மா, இந்தப் பசங்களைப் பாரும்மா" அப்படின்னு கன்னுகிட்டச் சொல்லுச்சு. அங்க நின்னவங்க ரெண்டொருத்தர் வெளிய போயிட்டாங்க. நான் நின்னு பாத்தேன்.

சென்னியப்பன் வாக்குத் தவறலை, அதையும் நான் சொல்லோணும். அந்த வாரமே சொந்தக் காருல ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போனாரு, ஆப்ரேசன் அருமையா முடிஞ்சுது. கண்ணுக் கட்டை அவுத்தப்ப ரங்காளு புள்ளைக்கு முன்னால முட்டி போட்டு உக்காந்து, மூஞ்சியைத் தொடைச்சுட்டு, பூ வெச்சுட்டு இருந்தாளாம். புள்ளை லைட்டைப் பாத்துச்சு, நர்ஸைப் பாத்துச்சு, ரங்காளைப் பாத்துச்சு, பாத்துட்டு, "எங்கம்மா எங்க?" அப்படின்னு கேட்டுச்சாம். இதுதாண்டி உங்கம்மான்னு நர்ஸு சொன்னா. "பேசச் சொல்லுங்க" அப்படின்னுச்சாம் புள்ளை. ரங்காளு வாயைத் தொறந்தா, அதுக்குள்ள என்ன இருக்குது.

ஊருக்கு வந்து காரு நின்னதும் புள்ளை கதவைத் தொறந்துட்டுக் கொரல் வந்த பக்கம் ஓடுச்சு. கட்டுத்தரையில பால் குடிச்சுட்டு நின்ன கன்னைப் பாத்துச்சு, செவலை நெறத்தைப் பாத்துச்சு, வெள்ளைப் பொட்டைத் தடவுச்சு, அம்மா நீ இத்தனை அழகான்னு கேட்டுச்சு. அன்னையில இருந்து அது கன்னோடயே தூங்கும், கன்னோடயே மேயப் போகும், சோறு வாங்குனா பாதியைக் கன்னுக்கு ஊட்டும். அந்தச் சோத்தை ஆக்கிக் கொண்டாந்து வெக்கறது ரங்காளுதான். "ஏனுங்க்கா, எங்கம்மாளுக்கும் கொஞ்சம் வெய்யுங்க" அப்படிங்குமாம் புள்ளை அவகிட்ட. நல்ல மருவாதியான புள்ளை. நாங்க ஊரே கூடிச் சொல்லிப் பாத்தோம், அது கேக்கலை, அதோட காதுல கேக்கறதை வுட்டுட்டு நம்ம பேச்சை அது எதுக்கு நம்பும்?

கன்னு பால் மறக்கற சமயத்துல மாட்டு டாக்டரு வந்து அளந்து பாத்தாரு. மாவட்டத்துலயே இப்படி ஒரு கன்னு இல்ல, அரசாங்கப் பண்ணையில வளத்து அடுத்த ஊருக்குப் பொலிகாளையாக் குடுக்கலாம்னு எடுத்துட்டாங்க. பண்ணாடிக்குச் சால்வை போட்டாங்க. லாரியில ஏத்தறப்ப கன்னு ம்மா, ம்மான்னு கத்துது, அத்தனையும் ரங்காளு கொரலு, ரங்காளோ கீழ நின்னு, லாரி பின்னால ஓடப் பாத்த புள்ளையை இடுப்புல கட்டிப் புடிச்சுட்டு நிக்கறா. "வுடுங்க்கா, எங்கம்மாளை ஏத்திட்டுப் போறாங்க, வுடுங்க்கா" அப்படின்னு புள்ளை அவ கையைக் கடிச்சுச்சு. ரத்தம் வந்துச்சு. அவ வுடலை. லாரி மேட்டைத் தாண்டற வரைக்கும் அவ கொரலே அவளைக் கூப்புட்டுட்டுப் போச்சு, நாங்க எல்லாரும் கேட்டோம், அப்புறம் பண்ணாடி வூட்ல விருந்து.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, உங்க ஊருக்கு ஒதுக்கியிருக்கறது அந்தக் கன்னு வளந்த காளைதான், டாக்டரே எங்கிட்டச் சொன்னாரு. பாதிப் பணத்தைக் கட்டிருங்க, இப்படி ஒரு காளை கெடைக்கவே கெடைக்காது. பொழுதுசாய அது பொம்பளைக் கொரல்ல கூப்புடும், பயந்துக்காதீங்க, தண்ணி காட்டுனா அடங்கிரும்.

ஒண்ணே ஒண்ணு. அங்க பஸ் ஸ்டாப்புத் திட்டு மேல உக்காந்திருக்குதே ஒரு புள்ளை, பின்னால ஒருத்தி தண்ணிச் சொம்போட நிக்கறாளே, அவங்கதான். வெளியூரு ஆளு யாரு வந்தாலும் அந்தப் புள்ளை கிட்ட வந்து கேக்கும், "ஏனுங், எங்கம்மாளைப் பாத்தீங்ளா, செவலை நெறமுங்க, நெத்தியில வெள்ளைப் பொட்டுங்க" அப்படின்னு. இங்க இருக்கற கன்னெல்லாம் பால் மறந்து கொஞ்ச நாள்ல செவலை மாறி மயிலையாகறதை அது தெனமும் பாத்துட்டுத்தான் இருக்குது, பொட்டும் அதோடயே மறைஞ்சு போகும். ஆனா கன்னுதான் மாறும், அம்மா மாற மாட்டாங்கறது அதோட நெனப்பு. அதனால நீங்க பொய் சொல்லவே வேண்டியதில்ல தம்பி. உங்களுக்கு வர்றது மயிலைக் காளை. செவலையா, நான் பாக்கலையே கண்ணுன்னு சொல்லிட்டு பஸ் ஏறிருங்க, அது உண்மைதான்.

பின்னால நிக்கறவ உங்க மூஞ்சியையே பாப்பா. அவளுக்கு எல்லாந் தெரியும், ஆனா அவ யாருகிட்டப் போயிச் சொல்லப் போறா? பஸ்ஸு வந்துருச்சு பாருங்க, புள்ளையும் எந்திரிச்சிருச்சு.